தனிவெளியீட்டுப் பட்டியல்: 19ஆம் வரிசையை ஏன் எடுத்தேன்

#1 வைகைக்கரை (ஞாயிறு, மாலை 6:10)

நேற்றிரவு நம் தனிவெளியீட்டுப் பட்டியலில் இருந்து ஒரு நாவலை எடுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தனிமடல் பெட்டி நிரம்பி வழிகிறது. பாதி நன்றி, பாதி சாபம். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதினால் என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அதனால் இங்கே.

புதியவர்களுக்கு: 2021 ஊரடங்கில் ஆரம்பித்த கூகுள் ஷீட் இது. எழுத்தாளர்களே சொந்தமாக வெளியிட்ட தமிழ் நூல்களில் படித்துப் பிடித்ததை வாசகர்கள் ஒரு படிவத்தின் வழியாகச் சேர்க்கலாம், வாக்கும் போடலாம். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு நூலுக்கு ஒரு வாக்கு. இன்றைக்கு 214 நூல்கள். விதி மூன்றுதான். எழுத்தாளர் தன் நூலைத் தானே சேர்க்கக் கூடாது. சொந்த வெளியீடாக இருக்க வேண்டும். படித்துவிட்டு வாக்குப் போட வேண்டும். மூன்றாவதை யாராலும் சோதிக்க முடியாது, தெரிந்தேதான் வைத்தேன்.

வெள்ளி இரவு 10:34க்கும் 10:56க்கும் நடுவில், 19ஆம் வரிசையில் இருந்த ஒரு குடும்ப நாவலுக்கு 41 வாக்கு விழுந்தது. அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் அதற்குக் கிடைத்தது ஆறு. விடிந்தபோது அது முதலிடம். 41 பேரில் 38 பேர் பட்டியலில் வேறெந்த நூலையும் தொடவில்லை. இன்னொன்று: மின்னஞ்சல்களில் முக்கால்வாசி ஆண் பெயர்கள். குடும்ப நாவலுக்கு முப்பது ஆண்கள், அதுவும் ஒரே இரவில்! போலிக் கணக்குகள் என்று முடிவு கட்டி நூலையே எடுத்துவிட்டேன்.

தவறென்றால் சொல்லுங்கள்.

#2 அரைப்பக்கம் (மாலை 6:14)

22 நிமிடத்தில் 41. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

#3 கணக்கன் (மாலை 6:52)

வைகைக்கரை செய்தது சரி. 34 வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வந்து விழும் சீட்டுகளை முதலில் நிறுத்த வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

வாசகர்கள் நூல்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இது பழைய நோய். அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு பட்டியல் தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் நூல் சேர்க்கலாம். எத்தனை பேர் வாக்களித்தார்கள், தங்கள் வரிசையில் எத்தனையாவதாக வைத்தார்கள், இரண்டையும் கூட்டித்தான் மதிப்பெண் வரும். அந்தத் தளத்தை அமேசான் 2013இல் வாங்கியது. நூலை விற்கிற கடையும் நூலைப் பற்றிப் பேசுகிற திண்ணையும் ஒரே வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தன. 2023 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கலாம். முதல் நாவல் இன்னும் வெளிவராத ஓர் அமெரிக்க எழுத்தாளர் போலிக் கணக்குகள் திறந்து, தன்னைப் போன்ற மற்ற அறிமுக எழுத்தாளர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார், தன் நூலை உயர்த்திக்கொண்டார். சக எழுத்தாளர்கள் கணக்குகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். பதிப்பகம் நூலையே கைவிட்டது. இத்தனைக்கும் அவருக்குப் பெரிய பதிப்பகம் இருந்தது.

#4 கறுப்புமை (இரவு 7:30)

வைகை, அந்த எழுத்தாளரைக் கேட்டீர்களா? எடுப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே.

அப்புறம், சொந்த வெளியீடா என்ற கேள்வியை 19ஆம் வரிசையிடம் மட்டும் கேட்டால் எப்படி? 4ஆம் வரிசைக்கு லேஅவுட் போட்டவனே நான்தான். பேக்கேஜில் வந்த நூல். எழுத்தாளர் பணம் கட்டினார், பதிப்பகம் தன் சின்னத்தை ரேப்பரில் போட்டு 100 பிரதி அடித்துக் கொடுத்தது. அவருக்குப் பதிப்பகம் கிடைத்ததா, பதிப்பகத்துக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாரா?

#5 செங்காந்தள் (இரவு 9:05)

வணக்கம். 19ஆம் வரிசை நான்தான். இந்த மன்றத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன், படிப்பதோடு சரி. எழுத வைத்துவிட்டீர்கள்.

வைகைக்கரை சார், நேரத்தைக் குறித்து வைத்த நீங்கள் அந்த நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. நான் தொடர்கதை எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி, இரவு 10:30க்கு யூடி கொடுப்பேன். யூடி என்றால் அடுத்த அத்தியாயம், இலக்கியப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏன் 10:30? என் வாசகிகள் கேட்டு வாங்கிய நேரம் அது. சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரம் கழுவி, மாவைப் பிரிட்ஜில் எடுத்து வைத்து, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் அவர்கள் கைக்குப் போன் வருகிறது. வெள்ளிக்கிழமை அத்தியாயத்தின் அடியில் "வாசகர் பட்டியல் ஒன்றில் நம் கதை 19ஆம் இடத்தில் இருக்கிறது, பிடித்திருந்தால் இங்கே சொல்லலாம்" என்று உங்கள் படிவத்தின் சுட்டியைக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆண் பெயர் எப்படி வந்தது என்கிறீர்கள். சார், பலருக்குத் தனி மின்னஞ்சல் கிடையாது. போன் வாங்கிக் கொடுத்தவர் கணவரோ மகனோ, முதல் நாள் தன் பெயரில் கணக்குத் திறந்து கையில் கொடுத்தார். அதிலேயே ஓடுகிறது. நீங்கள் நீக்கிய "முருகேசன்" காரைக்குடியில் இருக்கும் ஓர் ஐம்பது வயது அக்கா. என்னுடைய எல்லா நாவலிலும் எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சொல்பவர் அவர்தான்.

#6 அரைப்பக்கம் (இரவு 9:09)

கூட்டுறவுச் சங்க உவமையைத் திரும்பப் பெறுகிறேன்.

#7 வைகைக்கரை (இரவு 11:40)

இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்து அந்த 41 மின்னஞ்சலுக்கும் எழுதினேன். இதுவரை 17 பதில். அதில் ஒன்று: "எங்க அம்மா படிப்பாங்க சார். நான் ஐ.டி.ஐ. ரெண்டாவது வருஷம். அம்மா தூங்கிட்டாங்க, காலைல கேட்டுச் சொல்றேன்."

செங்காந்தள், மன்னிக்க வேண்டும். நூலைப் பழைய இடத்தில், வாக்குகளோடு திரும்பப் போட்டுவிட்டேன். இதை இன்னொரு மூலையில் யாருக்கும் தெரியாமல் செய்ய விருப்பமில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனாலும் ஒரு சங்கடம் போகவில்லை. வாக்குகள் உண்மை, சரி. பட்டியலைத் திறக்கும் ஒரு புது வாசகருக்கு முதலிடம் என்றால் என்ன அர்த்தம்? 47 பேருக்குப் பிடித்தது என்பதா, 41 பேரை ஒரே இரவில் கூப்பிட முடிந்த எழுத்தாளர் என்பதா?

#8 கணக்கன் (திங்கள், காலை 6:20)

கணக்குகள் உண்மை என்றால் என் முதல் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சுட்டியைக் கொடுத்து வாக்குக் கேட்பதும் பிரசாரம்தான். இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கிண்டிலில் சொந்தமாக நூல் போடுபவர்களுக்கு அமேசான் நடத்திய பென் டு பப்ளிஷ் போட்டியில் 2018இல் தமிழும் சேர்ந்தது. விற்பனையும் வாசகர் மதிப்புரையும் முதல் வடிகட்டியில் கணக்காயின. அந்த மாதங்களில் முகநூல் எப்படி இருந்தது? "என் நூலைத் தரவிறக்குங்கள், ஐந்து நட்சத்திரம் போடுங்கள்." நான் படிக்காத மூன்று நாவலுக்குப் பழகிய தோஷத்துக்காக நட்சத்திரம் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

கிண்டிலில் இன்னொரு வழியும் உண்டு. கே.டி.பி. செலக்ட் என்று எழுத்தாளர்களுக்கு ஒரு திட்டம், அதில் சேர்ந்தால் 90 நாளில் ஐந்து நாள் நூலை இலவசமாகத் தரலாம். அந்த ஐந்து நாளில் ஆயிரம் பேர் இறக்குவார்கள், இறக்கியவர்களில் பாதிப்பேர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "அதிகம் பேர் எடுத்தது" என்பதும் "அதிகம் பேர் படித்தது" என்பதும் வேறு வேறு பேரேடு.

#9 செங்காந்தள் (காலை 10:15)

கணக்கன் ஐயா, பிரசாரம் என்றே வைத்துக்கொள்வோம். 2ஆம் வரிசைக் கவிதைத் தொகுப்புக்குப் போன ஜனவரியில் ஒரே நாளில் 29 வாக்கு. வெளியீட்டு விழா நடந்த நாள். மேடையில் நின்று யாரோ இந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், அரங்கில் இருந்தவர்கள் போனை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் திரைப்பிடிப்பு எடுத்து இழை திறக்கவில்லை. "நல்ல வரவேற்பு" என்றுதான் இதே மன்றத்தில் எழுதினீர்கள், தேடிப் பார்த்துவிட்டேன்.

விழா அரங்கில் 29 வாக்கு விழுந்தால் வரவேற்பு. அடுப்படியில் இருந்து 41 விழுந்தால் மோசடி.

#10 மெய்யெழுத்து (காலை 11:02)

2ஆம் வரிசைக் கவிஞர் என் நண்பர், அதை மறைக்கவில்லை. ஆனால் எட்டு வருடம் எழுதிச் செதுக்கிய 61 கவிதையையும், வாரம் மூன்று முறை பொங்கி வழியும் யூடியையும் ஒரே தராசில் வைப்பதுதான் பிரச்சினையின் வேர். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். இலக்கியம் தனி, பொழுதுபோக்கு தனி.

#11 அரைப்பக்கம் (காலை 11:06)

எந்த நூல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் குழுவில் யார் யார்? அவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு படிவம் போடலாமா?

#12 மெய்யெழுத்து (காலை 11:20)

கிண்டல் செய்வது எளிது. முதல் பத்து இடமும் "முரட்டு முதலாளி, மென்மையான பெண்" கதைகளால் நிரம்பும் நாளில் இந்த மன்றத்துக்கு யாரும் வரப் போவதில்லை, அதையும் பார்க்கத்தான் போகிறீர்கள்.

#13 செங்காந்தள் (காலை 11:31)

என் நாயகன் ரேஷன் கடையில் எடை போடுபவர். படிக்காமல் பேசியதற்கு நன்றி.

#14 மட்டுறுத்துநர் (காலை 11:45)

10 முதல் 13 வரை சூடு தெரிகிறது. நூல் படிக்காமல் நூலைப் பற்றிப் பேசினால் அந்தப் பதிவு போகும், யார் எழுதினாலும்.

#15 நல்லூரான் (மதியம் 2:40)

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் விதியில் உள்ள "சொந்த வெளியீடு" என்ற சொல்லே எனக்குப் புதினமாக இருக்கிறது. எங்கள் பக்கம் கனபேர் சொந்தக் காசில்தான் போடுகிறார்கள். 300 பிரதி அல்லது 500 பிரதி. பிறகு ஒரு மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா. தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நடுவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி. வந்தவர்கள் கடித உறையில் காசு வைத்துக் கொடுத்து ஒரு பிரதி வாங்குவார்கள். அச்சகக் கடன் அன்றைக்கே அடைபட வேண்டும், இல்லாவிட்டால் அடைபடாது. அந்த உறையில் இருப்பது நூலின் விலை மட்டும் இல்லை, எழுத்தாளர் போன வருடம் உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவர் என்ற கணக்கும் அதில் இருக்கும்.

ஆக, வாக்கு உறவில் இருந்துதான் வரும். செங்காந்தள் தங்கச்சியின் வாசகிகள் என்றாலும் சரி, கவிஞரின் நண்பர்கள் என்றாலும் சரி, எங்கள் விழா மண்டபம் என்றாலும் சரி. அது தப்பில்லை. ஆனால் தூரத்தில் இருக்கிற எனக்கு அந்த எண்ணிக்கை ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்து நான் மூன்று நூல் வாங்கினேன். மூன்றும் முதல் பத்தில் இல்லை. யாரோ ஒருவர் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதியிருந்தார், அதைப் பார்த்து வாங்கினேன்.

இன்னொன்று. இங்கே வந்த கனக்க நூல்களின் அச்சுப் பிரதி இன்றைக்குக் கடையில் தேடினாலும் இல்லை. "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஸ்கான் செய்து வைத்திருப்பதால்தான் வாசிக்க முடிகிறது. உங்கள் பட்டியலில் "எங்கே கிடைக்கும்" என்ற பத்தியில் பாதிக்குமேல் வெறுமையாக இருக்கிறது. யார் முதலிடம் என்று சண்டை பிடிக்கிற நேரத்தில் அதை நிரப்பலாம்.

#16 கறுப்புமை (மாலை 4:55)

நல்லூரான் அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு என் தொழில் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், நீளும்.

ராயப்பேட்டையில் 12 வருடமாக லேஅவுட்டும் மெய்ப்பும் பார்க்கிறேன். ஒரு நாவல், டெமி, 160 பக்கம், 70 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட், பர்ஃபெக்ட் பைண்டிங். முன்பெல்லாம் குறைந்தது 500 அடித்தால்தான் கட்டுபடியாகும். பி.ஓ.டி., அதாவது தேவைக்கேற்ப அச்சடிக்கும் முறை, வந்த பிறகு 30 பிரதிகூட அடிக்கலாம். அந்த 30 பிரதிக்கு ஒரு நூலாசிரியர் இருக்கிறார், அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது.

பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இன்னொரு இடத்தில் கொடுத்த ரசீதைப் பார்த்தேன். நூலுக்கான அடையாள எண்ணுக்கு, "ஐ.எஸ்.பி.என். கட்டணம்" என்று 4,000 ரூபாய் போட்டிருந்தது. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது, எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். அந்த அம்மா இரண்டாவது நூலைத் தன் பெயரில் போட்டார். நம் விதிப்படி முதல் நூல் பதிப்பக நூல், பட்டியலில் இடமில்லை. இரண்டாவது சொந்த வெளியீடு, இடமுண்டு. இரண்டுக்கும் அவர் பென்ஷன் பணம்தான் போனது. எது சுதந்திரம்?

சொந்த வெளியீடு என்றாலே பதிப்பகங்கள் தள்ளிவிட்ட சரக்கு என்று மெய்யெழுத்து நினைத்தால், சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்ளட்டும். "எழுத்து" சிற்றிதழ் நடத்தியவர், தன் பிரசுர நூல்களைப் பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். "சுதந்திர தாகம்" மூன்று பாகத்தையும் 1997இல் தானே வெளியிட்டார். அடுத்த வருடம் போய்விட்டார். சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். அன்றைக்கு நம் பட்டியல் இருந்திருந்தால் எத்தனை வாக்கு விழுந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

பட்டியல் சண்டையும் நமக்குப் புதிதில்லை. விமர்சகர் க.நா.சு. காலத்தில் இருந்தே உண்டு. அவர் பட்டியல் போட்டதற்காகவே வாங்கிய திட்டு கொஞ்சமா? ஒரு பெயரை எழுதினால் ஒருவருக்குப் பெருமை, விட்ட பெயர்களுக்கெல்லாம் பகை. ஆனால் அவர் பட்டியலில் ஒரு நேர்மை இருந்தது. இது க.நா.சு. சொல்வது, பிடிக்கவில்லையென்றால் அவரிடம் போய்ச் சண்டை போடலாம். நம் பட்டியலில் சண்டை போட ஆளே இல்லை. 47 என்ற எண்ணிடம் யார் போய்க் கேட்பது?

#17 கணக்கன் (மாலை 6:30)

வேறு நாட்டில் இதைச் சரியாகக் கையாண்ட ஒரு முறை சொல்கிறேன். மார்க் லாரன்ஸ் என்ற மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத்தாளர் 2015இல் தொடங்கிய போட்டி, சுருக்கமாக எஸ்.பி.எஃப்.பி.ஓ. என்பார்கள். சொந்தமாக வெளியிட்ட மிகுபுனைவு நாவல்களுக்கு மட்டும். ஆண்டுக்கு 300 நாவல். 10 வலைப்பதிவுக் குழுக்கள், ஆளுக்கு 30. ஒவ்வொரு குழுவும் தன் 30இல் ஒன்றை இறுதிக்கு அனுப்பும். அந்தப் பத்தையும் பத்துக் குழுவும் படித்து, 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, ஏன் என்றும் எழுதுவார்கள். வெற்றி பெற்றால் பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பெயர்தான். ஆனாலும் 2016இல் வென்ற நாவலைப் பிற்பாடு பெரிய பதிப்பகம் எடுத்துப் போட்டது. பொதுமக்கள் வாக்கே கிடையாது. எத்தனை நண்பர் இருந்தாலும் பயன் இல்லை.

நம்மிடம் 10 குழு இல்லை, தெரியும். குழுவுக்கு மூன்று பேர் வைத்தால்கூட 30 பேர் வேண்டும்.

அப்புறம் ஒரு அசிங்கமான விஷயம். நேற்று ஷீட்டைப் பிரதி எடுத்து எண்ணிப் பார்த்தேன். 7ஆம் வரிசையும் 33ஆம் வரிசையும் ஒரே நூல். தலைப்பில் ஒரு "கொ" இருக்கிறது. ஒருவர் அதை ஒரே எழுத்துக்குறியாகத் தட்டியிருக்கிறார், இன்னொருவர் பழைய எழுத்துருவில் இருந்து மாற்றியதில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, ஷீட்டுக்கு இரண்டு. கூட்டினால் அந்த நூலுக்கு 39 வாக்கு. நான்கு வருடமாக அது மூன்றாம் இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

#18 அரைப்பக்கம் (மாலை 6:33)

நான்கு வருடமாக ஒரு ஒற்றைக்கொம்பு ஓர் எழுத்தாளரைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

#19 வைகைக்கரை (இரவு 10:05)

அந்த எழுத்தாளருக்கு இன்று போன் செய்தேன். சிரித்தார். "எனக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது தம்பி" என்றார்.

சரி, என் யோசனை. வாக்கை எடுத்துவிடுகிறேன். எண்ணும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஷீட்டை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நூல்கள் வேறு வேறு வரிசையில் வரட்டும். ஒரு நூல் பட்டியலில் இருக்க ஒரே நிபந்தனை: குறைந்தது ஒரு வாசகர் ஒரு பத்தி எழுத வேண்டும், தன் மன்றப் பெயரில். நூலில் இருந்து ஓர் இடத்தையாவது குறிப்பிட வேண்டும், பக்க எண்ணோ அத்தியாய எண்ணோ போட்டு. எழுத்தாளரோடு என்ன பழக்கம் என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும். நண்பர், உறவு, மெய்ப்புப் பார்த்தவர், எதுவானாலும். பழக்கம் இருந்தால் தள்ளுபடி இல்லை, சொல்லாமல் மறைத்தால்தான் தள்ளுபடி.

#20 செங்காந்தள் (இரவு 10:50)

யூடி போட்டுவிட்டு வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சார், உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் இதில் யார் வெளியே போவார்கள் என்று பார்த்தீர்களா? என் வாசகிகள் பத்தி எழுத மாட்டார்கள். "சூப்பர் சிஸ்", "அழுதுட்டேன் சிஸ்", ஒரு இதயம், அவ்வளவுதான் எழுத்தில் வரும். படிக்கத் தெரியாததால் இல்லை. பொது இடத்தில், தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாமல் எழுதிப் பழக்கமில்லை. மெய்யெழுத்து மாதிரி ஒருவர் ஒற்று விட்டதைச் சுட்டிக்காட்டினால் ஜென்மத்துக்கும் எழுத மாட்டார்கள். வாக்கு என்ற ஒன்றில்தான் அவர்களும் நீங்களும் சமமாக இருந்தீர்கள். அதை எடுக்கிறீர்கள்.

ஆனால் பேசுவார்கள். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் வாய்ஸ் நோட் அனுப்புவார்கள். அதில் சொல்வதை எந்த விமர்சகரும் எனக்குச் சொன்னதில்லை.

#21 வைகைக்கரை (இரவு 11:02)

வாய்ஸ் நோட்டே அனுப்பட்டும். நான் உட்கார்ந்து தட்டுகிறேன். பேசியபடியே போடுகிறேன், திருத்த மாட்டேன்.

#22 கணக்கன் (செவ்வாய், காலை 6:05)

எனக்கு உடன்பாடில்லை. எண் இல்லாத பட்டியலில் 214 பத்தியை யார் படிப்பார்? பழைய ஷீட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. இரட்டைப் பதிவுகளை நீக்கி, எழுத்துக்குறிகளை ஒருமைப்படுத்தி, வாக்கோடு தனியாக நடத்தப் போகிறேன். பகை இல்லை. இரண்டும் இருக்கட்டும், வேண்டியவர்கள் வேண்டியதைப் பார்க்கட்டும்.

#23 மெய்யெழுத்து (காலை 9:40)

நேற்று எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். 19ஆம் வரிசையில் 11 அத்தியாயம் படித்துவிட்டேன். எனக்கு இது பிடித்த நடை இல்லை. ஆனால் நான்காம் அத்தியாயத்தில், புழுங்கலரிசி மூட்டையைப் பிரிக்கும்போது நாயகன் முதலில் வாசனை பார்ப்பதும், எடைத்தட்டில் ஒட்டியிருக்கும் அரிசியை ஒவ்வொரு அட்டைக்கும் தட்டிக் கொட்டுவதும், அது பார்த்து எழுதியது. என் நண்பரின் தொகுப்புக்கும் பத்தி எழுதுகிறேன், "நண்பர்" என்று முதல் வரியிலேயே போட்டு.

#24 கறுப்புமை (மதியம் 1:15)

புது விதியை நானே சோதிக்கிறேன்.

158ஆம் வரிசை, ஒரே ஒரு வாக்கு, அது என்னுடையது. பழக்கம்: மெய்ப்புப் பார்த்தவன், கூலி வாங்கியவன். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே தபால் பிரிவு) வேலை பார்த்த ஒருவரின் நினைவுகள், 112 பக்கம். ஓடும் ரயிலின் தபால் பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே கடிதம் பிரித்தவர். 38ஆம் பக்கத்தில் ஒரு இடம்: பொங்கல் வாழ்த்து அட்டைகள் குவிந்த ஒரு மார்கழி இரவு. அறைகள் நிரம்பி, அட்டைகள் கால் முட்டி வரை வந்துவிட்டன. ஜரிகைத் தூள் ஒட்டிய அட்டைகள். விடிந்து இறங்கும்போது ஆறு பேருடைய கையும் முகமும் மினுமினுக்கிறது. டீக்கடைக்காரர் "எந்த ஊர் நாடகம்ணே?" என்று கேட்கிறார். மெய்ப்புப் பார்க்கும்போது நான் பொதுவாகக் கதையைப் படிக்க மாட்டேன், எழுத்தைத்தான் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் இரண்டு பிழையை விட்டுவிட்டேன்.

30ஆம் பக்கத்துக்கு முன்னால் அலுப்பு, குடும்ப வரலாறு. தாண்டிவிடலாம். நூல் கடையில் கிடையாது. வேண்டுமானால் தனிமடல் போடுங்கள், ஆசிரியர் மகளிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.

#25 நல்லூரான் (மதியம் 1:50)

எனக்கு ஒன்று. யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப நூல் விலையைவிடத் தபால் செலவு கூடத்தான் வரும், பரவாயில்லை.

#26 வைகைக்கரை (இரவு 11:20)

முதல் வாய்ஸ் நோட் வந்தது, 4 நிமிடம் 12 விநாடி. 19ஆம் வரிசைக்கு. பேசியபடியே தட்டியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்றார்.

"வணக்கம் சார். இது எங்க வீட்டுக்காரர் மெயில், நான்தான் அன்னைக்கு ஓட்டுப் போட்டேன். எழுதுறவங்களை எனக்கு நேர்ல தெரியாது, குரூப்புல தெரியும். நீங்க இடம் சொல்லணும்னு சொன்னீங்களாம். முப்பத்தி ஒண்ணாவது அத்தியாயம். அந்தப் பொண்ணு மாமியார் செத்தப்புறம் குக்கர் கேஸ்கட்டை எடுத்துப் பார்க்கும். அதுல மாமியார் நூல் கட்டி வெச்சிருக்கும், லூஸா இருக்குன்னு. புதுசு வாங்கித் தான்னு ஆறு மாசமா அது கேட்டிருக்கும், இவ மறந்துட்டே இருந்திருப்பா. அந்த நூலை அவுக்காம அப்படியே மூடி வெப்பா. நான் அங்க போனை வெச்சிட்டேன், அன்னைக்கு மேல படிக்கல. எங்க மாமியாரும் நூல்தான் கட்டுவாங்க.

ஆனா ஒண்ணு சார், அதையும் போடுங்க. அந்த மாமியாரை அவ்வளவு சீக்கிரம் சாகடிச்சிருக்க வேண்டாம். சண்டை போட்டுக்கிட்டே இருந்த ஆளு, திடீர்னு நல்லவளாகி, அடுத்த யூடிலயே செத்துப் போயிட்டா. நல்லவளாகாமலே செத்திருந்தாத்தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திருக்கும். அவ்ளோதான். பால் பொங்குது, வெச்சிடறேன்."

#27 செங்காந்தள் (இரவு 11:48)

மூன்று தடவை படித்துவிட்டேன். 29ஆம் அத்தியாயத்தில்தான் மாமியாரை நல்லவளாக்கினேன். எழுதும்போதே ஒரு உறுத்தல் இருந்தது, 10:30 ஆகிவிட்டது என்று அப்படியே போட்டேன்.

வைகைக்கரை சார், அந்த அக்காவிடம் சொல்லுங்கள், கிண்டிலில் திருத்திப் போடுகிறேன். ஒரு வாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.